வலது குழல் கிழிஞ்ச துப்பாக்கியும் ஜிம் கார்பெட்டும்: தாத்தா காலத்து இரட்டைக்குழலை மாத்தலாமா, அப்படியே விடலாமா?

உங்க கொள்ளுத்தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு வீட்டுல இருக்குன்னு வெச்சுக்கோங்க. கட்டையில கீறல், குழல்ல லேசா துரு, ரெண்டு குதிரையும் இறுகிப் போயிருக்கு. குடும்பத்துல உடனே ரெண்டு கட்சி உருவாகிடும். ஒரு கட்சி, புதுக் கட்டை மாட்டி, குழலைக் கொஞ்சம் வெட்டி, பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கிடலாம்னு சொல்லும். இன்னொரு கட்சி, தூசியைக்கூடத் தட்டாதேன்னு சண்டைக்கு வரும். துரு பிடிச்ச சாமானைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்குற ரீல்ஸ் பார்க்கிற ஆளா நீங்க? அப்போ எந்தக் கட்சின்னு கேட்கவே வேண்டாம்.

அந்தப் பஞ்சாயத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஒருத்தரோட வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துடலாம். ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர், பிறகு அந்தப் புலிகளுக்காகவே பேசினவர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் வாழ்க்கையில பழுதான இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ரெண்டு வருது. ஒண்ணு அவரைக் காட்டு மனிதராக்கியது. இன்னொண்ணு அவர் கண்ணைப் பறிச்சிருக்கலாம்.

கார்பெட் பிறந்தது 1875 ஜூலை 25, நைனிடாலில். இன்றைய உத்தரகாண்ட் மலைப்பகுதி. அப்பா கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம், எட்டாவது பிள்ளை ஜிம். ஆறு வயசு நிறையறதுக்குள்ள அப்பா இறந்துட்டார். அம்மா மேரி ஜேன் தனியா அத்தனை பேரையும் வளர்த்தார். கோடையில நைனிடால், குளிர்காலத்துல கீழே காலாடூங்கி. காலாடூங்கி வீட்டைச் சுத்தி முழுக்கக் காடு. வெள்ளைக்காரக் குடும்பம்னதும் பங்களா, பட்லர்னு கற்பனை பண்ணாதீங்க. கணக்குப் பார்த்துச் செலவு செய்யுற விதவைத் தாயின் வீடு அது.

ஜிம் முதல்ல உண்டிகோல் பையன். அப்புறம் வில் அம்பு. அவரோட உறவுக்கார அண்ணன் ஸ்டீபன் டீஸ், குமாவுன் பகுதிப் பறவைகள் பத்தி ஒரு புத்தகம் தயார் பண்ணிட்டிருந்தார். அதுக்காகப் பறவைகளைச் சேகரிச்சுத் தந்தான் பையன். அதுக்குக் கிடைச்ச பரிசுதான் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அப்போ அவனுக்கு எட்டு வயசு.

பரிசுன்னு சொல்றேனே தவிர, அது இருந்த லட்சணத்தைக் கேளுங்க. வாய்வழியா மருந்தையும் ரவையையும் போட்டு, குச்சியால இடிச்சுக் கெட்டிக்கிற ரகம். வலது குழல் ஆறு அங்குல நீளத்துக்குக் கிழிஞ்சு பிளந்திருந்தது. கட்டையும் உடைஞ்சிருந்தது. குழலும் கட்டையும் தனித்தனியா கழண்டு விழாம இருக்கப் பித்தளைக் கம்பியால சுத்திச் சுத்திக் கட்டியிருந்தாங்க. இன்னிக்கு யாராவது இப்படி ஒண்ணை நமக்குக் கொடுத்தா, பழைய இரும்புக் கடையைத்தான் தேடுவோம்.

கார்பெட்டுக்குக் காட்டைச் சொல்லிக்கொடுத்த ஆட்கள்ல முக்கியமானவர் குன்வர் சிங். சாந்தினி சௌக் கிராமத்துத் தலைவர். அந்த வட்டாரத்துல கைதேர்ந்த கள்ள வேட்டைக்காரரும்கூட. பையன் பெருமையா நீட்டின துப்பாக்கியை அவர் வாங்கிப் பார்த்தார். பித்தளைக் கம்பியைப் பத்தி அவர் அலட்டிக்கவே இல்லை. இடது குழல் நல்லா இருக்கு, அது போதும்ங்கிறதுதான் அவர் கணக்கு.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. அந்தத் துப்பாக்கியை யாரும் சரி செய்யலை. வலது குழலைப் பத்த வெச்சு ஒட்டலை, வெட்டி எறியலை, மேல பூச்சு பூசிக் கிழிசலை மறைக்கவும் இல்லை. பழுது பழுதாவே, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி இருந்தது. அதனால பையனுக்குச் சட்டம் ரொம்பத் தெளிவு: வலது குழலைத் தொடவே கூடாது. ஒரே ஒரு குழல், அதுக்கும் மருந்து கெட்டிக்க நேரம் ஆகும், மருந்து வாங்கக் காசு வேணும். ஒரு தடவை தவறினா அடுத்த வாய்ப்பு கிடையாது. அப்போ என்ன செய்வான்? கிட்டப் போவான். சருகு சத்தம் இல்லாம, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து, பறவை கத்துற விதத்தை வெச்சு மிருகம் எங்க நகருதுன்னு கணிச்சு நடக்கப் பழகுவான். பின்னாளில் உலகமே வியந்த கார்பெட்டின் காட்டறிவுல பாதி, அந்த ஒத்தைக் குழல் கொடுத்த நெருக்கடியில பிறந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்தத் துப்பாக்கியோட ஒருநாள் காட்டுக்கோழிகளைக் குறிவெச்சு ஒரு இலந்தைப் புதரை நோக்கித் தவழ்ந்து போனான் ஜிம். புதர் குலுங்கியது. அந்தப் பக்கமா வெளியே வந்தது கோழி இல்லை, புலி. நின்னு, திரும்பி, பையனை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் மெதுவா நடந்து போயிடுச்சு, திரும்பிக்கூடப் பார்க்கலை. புலி தானா மனுஷனைத் தேடி வர்றதில்லைங்கிறது கார்பெட்டின் மனசுல ஆழமா பதிஞ்சது இந்த மாதிரி நாள்கள்லதான்.

பத்து வயசு வாக்குல பள்ளிக்கூட கேடட் படையில துல்லியமா சுட்டுக் காட்ட, அவர்கிட்ட .450 மார்ட்டினி ரைஃபிளை இரவல் கொடுத்தாங்க. அதை வெச்சு முதல் சிறுத்தையைச் சுட்டார். பள்ளிப் படிப்பு முடிஞ்சதும் ரயில்வே வேலை. பீகாரில் கங்கைக்கரையில இருக்கிற மொகாமா காட்டில் இருபது வருஷத்துக்கும் மேல சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரரா இருந்தார். கூலித் தொழிலாளிகளோட ஒருத்தரா வாழ்ந்த அந்த வருஷங்களைப் பத்தித் தனியா ஒரு கட்டுரையே எழுதலாம். நமக்கு இப்போ வேண்டியது 1907.

சம்பாவத் பகுதியில ஒரு பெண்புலி. நேபாளத்துல 200 பேரைக் கொன்னு, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்குள்ள வந்து இன்னும் 236 பேரைக் கொன்னதா அரசுக் கணக்கு. மொத்தம் 436. கார்பெட் முதன்முதலா வேட்டையாடப் போன ஆட்கொல்லி அதுதான். சம்பாவத் தாசில்தார் உதவிக்கு வந்தார். சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து 298 பேரைத் திரட்டினாங்க. மலை உச்சியில நின்னு அவங்க கூச்சல் போட்டு, பாறை உருட்டிப் புலியைக் கீழ விரட்டணும். பள்ளத்தாக்கின் வாயில கார்பெட் காத்திருந்து சுடணும். இதுதான் திட்டம்.

திட்டம் நடந்த விதம் வேற. புலி வெளியே தெரிஞ்சதும் தாசில்தார் தன்னோட இரட்டைக்குழல் துப்பாக்கியால ரெண்டு குழலையும் சுட்டார். படலை. அது திரும்பிக் காட்டுக்குள்ள ஓடி, கடைசியில கார்பெட் இருந்த பக்கம் வந்தது. அவர்கிட்ட இருந்தது மூணே மூணு தோட்டா. மூணும் தீர்ந்துபோச்சு. புலிக்குக் காயம், ஆனா சாகலை. ஒரு பாறை மேல ஏறி நின்னு உறுமிட்டிருந்தது. கார்பெட் காலி ரைஃபிளைக் கீழ போட்டுட்டு ஓடினார். தாசில்தார் கையில இருந்த துப்பாக்கியைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு, வந்த வழியே திரும்ப ஓடினார்.

புலிக்கும் அவருக்கும் நடுவுல இருபதடி. துப்பாக்கியைத் தூக்கினப்பதான் கவனிச்சார்: குழலுக்கும், தோட்டாவுக்குப் பின்னால குழலை இறுக்கமா மூட வேண்டிய இரும்புப் பகுதிக்கும் நடுவுல ஒரு இடைவெளி. கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துல பாதி. நம்ம கணக்குல ஒரு சென்டிமீட்டர்.

இது ஏன் பயங்கரம்னு புரிஞ்சுக்கணும். தோட்டா வெடிக்கும்போது உருவாகுற சூடான வாயு முழுக்க முன்பக்கமாப் போய்க் குண்டைத் தள்ளணும். பின்பக்கம் மூடி இறுக்கமா இருந்தாத்தான் அது நடக்கும். இடைவெளி இருந்தா வாயு பின்னாடி பீறிட்டு வரும். துப்பாக்கியைக் குறிபார்க்கும்போது உங்க முகம் எங்க இருக்கு? அதே இடத்துக்கு நேர் பின்னாடி. வருஷக்கணக்கா சுட்டுச் சுட்டு, கீல் தேய்ஞ்சு, குழல் ஆட்டம் கொடுக்க ஆரம்பிக்கிறது பழைய மடக்குத் துப்பாக்கிகளின் வழக்கமான நோய். வெளியில இருந்து பார்த்தா மினுமினுன்னு இருக்கும். உள்ள இப்படி இருக்கும்.

கொஞ்ச நேரம் முன்னாடிதான் தாசில்தார் அதே துப்பாக்கியால ரெண்டு தடவை சுட்டிருந்தார். அப்போ வெடிக்கலையே, இப்பவும் வெடிக்காதுன்னு கார்பெட் ஒரு கணக்குப் போட்டார். வேற வழியும் இல்லை. புலியின் திறந்த வாயைக் குறிவெச்சுச் சுட்டார். இருபதடி தூரத்துல வாய்க்கு வெச்ச குறி, வலது முன்னங்காலில் போய்ப் பட்டது. அந்தக் குண்டைப் பின்னாடி அவர் தன் விரல் நகத்தாலேயே எடுத்தார்னா, அது எவ்வளவு வலுவா பாய்ஞ்சிருக்கும்னு பார்த்துக்கோங்க. நல்லவேளை, முன்னாடி பட்ட ரைஃபிள் குண்டுகள் வேலையை முடிச்சிருந்தது. புலி அப்படியே சரிஞ்சு விழுந்தது.

செத்த புலியின் வாயைப் பார்த்தப்ப இன்னொரு விஷயம் தெரிஞ்சது. வலது பக்கம் மேல்கோரைப்பல் பாதி உடைஞ்சிருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்பு வரைக்கும் இல்லை. எப்போதோ, யாரோ சுட்டுப் பிழைச்ச காயம். மான், காட்டுப்பன்றியைப் பிடிக்க முடியாம அது மனுஷனைத் தேடி வந்ததுக்குக் காரணம் அந்தக் காயம்தான்னு கார்பெட் முடிவுக்கு வந்தார். அதாவது 436 உயிர்களுக்குப் பின்னால இருந்தது, குறி தப்பின ஒரு துப்பாக்கி.

ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட், கார்பெட்டுக்கு .275 ரிக்பி ரைஃபிள் ஒண்ணைப் பரிசா கொடுத்தார். கட்டையில, சம்பாவத் புலிக்காகக் கொடுத்ததுன்னு பொறிச்ச வெள்ளித் தகடு. நைனிடால் தர்பாரில் தாசில்தாருக்கும் ஒரு பரிசு கிடைச்சது. என்ன தெரியுமா? ஒரு துப்பாக்கி! அவருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு வேற இருக்க முடியாது.

சரி, ரெண்டு துப்பாக்கிகளையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. டீஸ் கொடுத்தது பார்க்கவே பரிதாபம். ஆனா அதோட நோய் வெளிய தெரிஞ்சது, அதனால அதை வெச்சிருந்தவன் எச்சரிக்கையா இருந்தான். தாசில்தாருடையது பார்க்கக் கௌரவம். நோய் உள்ள, யாரும் கவனிக்கலை. பரணில் இருக்கிற துப்பாக்கிக்கு முதல்ல பாலிஷ் போடணும்னு சொல்ற கட்சிக்கு நான் ஓட்டுப் போடாததுக்குக் காரணம் இதுதான். தேய்ச்சுப் பளபளப்பாக்கும்போது முதல்ல மறையுறது பழுதின் அடையாளம்தான்.

இன்னொரு இழப்பும் இருக்கு. 19-ம் நூற்றாண்டுக் குழல்கள் பலது, இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, சுத்தி, அடிச்சு இணைச்சு செஞ்சது. மேல பாம்புத்தோல் மாதிரி வரிவரியா தெரியும். டமாஸ்கஸ் குழல்னு சொல்வாங்க. பட்டைக்காகிதம் போட்டுத் தேய்ச்சாலோ, நீலப்பூச்சு கொடுத்தாலோ அந்த வரிகள் போயிடும். குழலின் அடியில லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகள் குத்தின முத்திரைகள் இருக்கும். இந்தக் குழல் எவ்வளவு மருந்தைத் தாங்கும்னு சொல்ற பிறப்புச் சான்றிதழ் அது. அதையும் தேய்ச்சுட்டா துப்பாக்கி ஊமையாயிடும். அதோட, அந்தக் குழல்கள் கரிமருந்துக்காகச் செஞ்சது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுப் பார்க்கலாமேன்னு ஆசைப்படுறது, கார்பெட் பயந்த அந்த ஒரு சென்டிமீட்டர் ஆபத்தை நாமே காசு கொடுத்து வாங்குற மாதிரி.

அப்போ எதையுமே மாத்தக் கூடாதான்னு கேட்டா, கார்பெட் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. ருத்ரபிரயாகை சிறுத்தை 1918-லேருந்து 1926 வரைக்கும் 125 பேரைக் கொன்னது. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போற பாதையில ராத்திரி யாரும் கதவைத் திறக்காத காலம். இருட்டுல வர்ற மிருகத்தைச் சுட ரைஃபிளில் மின்சார டார்ச்சைப் பொருத்தினார் கார்பெட். 1926 மே மாசம், மாமரத்து மேல உட்கார்ந்து, பட்டனை அமுக்கி, வெளிச்சத்துல சிறுத்தை தெரிஞ்ச கணத்துல சுட்டார். ஒரே குண்டு. டார்ச்சும் அதோட மங்கி அணைஞ்சுபோச்சு. அதுவும் மாற்றம்தான், சுத்தமான மாடிஃபிகேஷன். ஆனா வேலை முடிஞ்சதும் கழட்டி வெச்சுடலாம், ரைஃபிள் பழையபடி அப்படியே இருக்கும். பித்தளைக் கம்பியும் அந்த மாதிரிதான், அவிழ்த்துடலாம். குழலை வெட்டினா திரும்ப ஒட்ட முடியுமா?

வெட்டறதுல சட்டச் சிக்கலும் இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, அதுக்கான உரிமம் இல்லாம துப்பாக்கிக் குழலைச் சுருக்குறதே குற்றம். உங்க துப்பாக்கி, உங்க ஹேக்ஸா பிளேடுன்னெல்லாம் வாதாட முடியாது. 45-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். வழக்கொழிஞ்ச, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதம், ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுடவே முடியாத நிலையில இருந்தா, அதுக்குச் சட்டம் விலக்கு தருது. இதைப் பார்த்துட்டு, நம்ம வீட்டுது அந்த வகைதான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. ரிப்பேர் பண்ணா சுடும்னா அது துப்பாக்கிதான், உரிமம் வேணும். உரிமம் இல்லாதது பெட்டிக்குள்ள இருந்து கிடைச்சா தாமதிக்காம போலீஸ் ஸ்டேஷன்லயோ, உரிமம் உள்ள ஆயுத வியாபாரிகிட்டயோ ஒப்படைச்சுட்டு, வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம், பரம்பரைத் துப்பாக்கியையும் சேர்த்து ஒருத்தர் ரெண்டுக்கு மேல வெச்சுக்க முடியாது. உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு இருந்தா மூணாவதுக்கு இடமில்லை.

ஆட்டம் கொடுக்குற கீலைச் சரிசெய்யறது, உள்துரு பரவாம எண்ணெய் போடுறது, வெடிச்ச கட்டையை அதே மரத்துல ஒட்டுறது, இதெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் செய்யலாம். சுட நினைச்சா அவர் சோதிக்காம சுடக் கூடாது. சுவத்துல மாட்டத்தான்னா, அதுக்குக் கீலைக்கூடத் தொட வேண்டாம்.

கார்பெட் கதைக்கு வருவோம். முதல் உலகப்போருக்கு 500 குமாவுன் ஆட்களை பிரான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனார், இரண்டாம் போரில் சிப்பாய்களுக்குக் காட்டுப் போர்ப் பயிற்சி கொடுத்தார். இடையில துப்பாக்கியைவிட கேமராவை அதிகமா தூக்க ஆரம்பிச்சிருந்தார். 1936-ல ஹெய்லி தேசியப் பூங்கா உருவாக அவரும் ஒரு காரணம். இன்னிக்கு அது அவர் பேரிலேயே இருக்கு. 1944-ல குமாவுன் ஆட்கொல்லிகள் பத்தின புத்தகம் வந்து உலகம் முழுக்கப் படிச்சது.

1947 நவம்பர். கல்யாணமே பண்ணிக்காத அக்காவும் தம்பியுமா, மேகியும் ஜிம்மும் கென்யாவுக்குக் கிளம்பினாங்க. பிறந்து வளர்ந்த ஊரை 72 வயசுல விட்டுப் போற ஒருத்தர் முன்னாடி, இப்போ நீங்க யோசிக்கிற அதே கேள்வி நின்னது: இந்தத் துப்பாக்கிகளை என்ன செய்யுறது?

அவர் ஒரே பதில் வெச்சுக்கலை. சில துப்பாக்கிகளைக் காட்டுக்குள்ள கொண்டுபோய்ப் புதைச்சதா அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. ரிக்பி அவர்கூடவே இருந்து, அவர் போன பிறகு அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்துக்கிட்ட போச்சு. கார்பெட் 1955 ஏப்ரல் 19 அன்னிக்கு கென்யாவின் நயேரியில இறந்தார். அந்த ரைஃபிளை அதைச் செஞ்ச ரிக்பி நிறுவனமே பிற்பாடு திரும்ப வாங்கியது. 2016-ல குமாவுனுக்குக் கொண்டுவந்து ஊர்க்காரங்ககிட்ட காட்டினாங்க. வெள்ளித் தகடு அப்படியே இருந்தது.

இன்னொண்ணு ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி. காலாடூங்கி பக்கத்துல சோட்டி ஹல்துவானிங்கிற கிராமத்தை 1915-ல வாங்கி, குடியானவங்களைக் குடியேத்தி, காட்டுப்பன்றி வராம சுத்திலும் மதில் எழுப்பிக் கொடுத்திருந்தார் கார்பெட். கிளம்பும்போது நிலத்தை அவங்களுக்கே விட்டுட்டு, பயிரைக் காக்கச் சொல்லி அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார். அவரோட வாரிசுகள் அதை மாத்தவும் இல்லை, விக்கவும் இல்லை. காலாடூங்கிக்குப் போனா, அந்த ஊர்ல விசாரிச்சுப் பாருங்க.